முதுகில் பொத்தான்

சேசு மரி சூசை துணை
செக்காலை, காரைக்குடி
12-3-1966

அன்புள்ள உங்களுக்கு,

இந்தத் தொடக்கம் சரியில்லை என்று எனக்கே தெரிகிறது. கன்னியர் மடத்துப் பள்ளியில் தலைமைச் சகோதரிக்கு விடுப்புக் கடிதம் எழுதச் சொல்லித் தந்தார்கள். புருஷனுக்கு எழுத ஒருவரும் சொல்லித் தரவில்லை. அத்தையைக் கேட்டேன். "மச்சான்னு எழுது. அதையும் பாடப் புத்தகத்துல பாத்துத்தான் எழுதுவியாக்கும்?" என்றார்கள். அடுத்த கடிதத்திலிருந்து அப்படியே எழுதுகிறேன். இன்று வெட்கமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு வந்த சனம் கிளம்பிய கையோடு நீங்களும் கோயமுத்தூருக்கு ரயிலேறிவிட்டீர்கள். வீடு பழையபடி ஆகிவிட்டது என்று அத்தை சொல்கிறார்கள். எனக்குப் பழையபடி என்றால் எப்படி என்று தெரியாது, நான் புதிதாக வந்தவள்தானே. நாம் இருவரும் பேசியதை யோசித்துப் பார்த்தேன். "தண்ணி வேணுமா", "வெளக்க அணைக்கவா". அவ்வளவுதான் பேசியிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமைகளில் அத்தையும் நானும் சிலுவைப் பாதைக்குப் போய்வருகிறோம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் மூஞ்சி தொங்கிப்போகும் என்று என்னைக் கதர் நூற்பு நிலையத்தில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அம்பர் ராட்டை. பிடியைச் சுற்றினால் நாலு கதிரும் ஒன்றாக ஓடும். பக்கத்து ராட்டை அக்கம்மாள் பொல்லாத வாயாடி. "ஒன் வீட்டுக்காரரு அங்க மில்லுல நூக்குறாரு, நீ இங்க நூக்குற. ரெண்டு பேரும் நூலப் பிடிச்சுக்கிட்டே நடந்தா நடுவழியில சந்திச்சுரலாம்டி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது.

பாஸ்காத் திருநாளுக்கு வருவீர்களா?

இப்படிக்கு,
யூஜினியா

*

சிங்காநல்லூர்
1-4-1966

யூஜினியாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் என்று எழுதிவிட்டேன். நீ எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்ற நினைப்பில் கை அப்படிப் போய்விட்டது. அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

பாஸ்காவுக்கு வர முடியாது. நான் இங்கே பதிலி. நிரந்தர ஆள் வராத அன்றைக்குத்தான் எனக்கு வேலை. தினமும் மில் வாசலில் நின்றுகொண்டு யாருக்காவது காய்ச்சல் வந்திருக்காதா என்று பார்க்கிறேன். பாவம்தான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். நான் ஊருக்குப் போனால் அந்த இடத்தில் நிற்க இன்னொரு ஆள் தயாராக இருக்கிறான்.

நீ நாலு கதிர் என்று எழுதியிருந்தாய். நான் நிற்கும் இடத்தில் நானூறு கதிர் ஓடுகிறது. அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே நடக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதிதான்.

அம்மாவைப் பார்த்துக்கொள். இவ்வளவு நீளமாக நான் யாருக்கும் எழுதியதில்லை.

மரியப்பன்

*

கோத்தகிரி
19-7-1966

யூஜினியாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்றிருக்கும். மில்லில் கரண்ட் வெட்டு. முதலில் பதிலிகளைத்தான் நிறுத்தினார்கள். நம் செக்காலை வியாகுலம் இங்கே ஒரு தேயிலை பாக்டரியில் இருக்கிறான் அல்லவா, அவன் சொல்லித்தான் இங்கே வந்தேன். இலை வாட்டும் மாடியில் வேலை. பறித்த இலையை ராத்திரி முழுக்கக் காயவைத்துப் புரட்டிக் கொடுக்க வேண்டும். பஞ்சை விட்டு இலைக்கு வந்துவிட்டேன்.

ஆடி மாதத்தில் இங்கே வாயைத் திறந்தால் புகை வருகிறது. நீ நம்ப மாட்டாய். வியாகுலத்தோடு ஒரே அறையில் படுத்திருக்கிறேன், போர்வை ஒன்றுதான். தூக்கத்தில் அவன் ஒரு பக்கம் இழுக்க நான் ஒரு பக்கம் இழுக்கிறேன்.

கல்யாணமானவர்களுக்கு வீடு உண்டா என்று கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

மரியப்பன்

*

செக்காலை
5-8-1966

மச்சான் அவர்களுக்கு,

பக்குவமாகத்தான் சொன்னேன். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வேலையில ஒரு வருசம் நெலச்சு நிக்கட்டும். அதுவரைக்கும் ஒன்ன நான் அனுப்பப் போறதில்ல. இன்னைக்கு மலைங்கிறான், நாளைக்குக் கடலும்பான். நீ சட்டி பானையத் தூக்கிக்கிட்டு அவன் பின்னால அலைவியா?" என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் கொடுமை.

நீங்கள் வேலை மாறும்போதெல்லாம் வீட்டுக்காகத்தான் மாறுகிறேன் என்கிறீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் நான் உங்களை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறேன். இது உங்களுக்குப் புரிகிறதா, இல்லை இதுவும் வசதிதானா? இப்படி எழுதியதற்கு மன்னியுங்கள். தபாலில் போடுவதற்கு முன் அடித்துவிடலாம் என்று பார்த்தேன். நீங்கள்தான் அடித்தால் அசிங்கம் என்றீர்களே.

குளிர் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஸ்வெட்டர் பின்னத் தெரியும், மடத்தில் சகோதரிகள் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே உல்லன் நூல் கிடைக்காது. உங்கள் அளவும் தெரியாது. ஒரு சட்டையாவது விட்டுப் போயிருக்கக் கூடாதா? கட்டிய புருஷனின் மார்பளவு தெரியாது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது?

யூஜினியா

*

கோத்தகிரி
2-9-1966

யூஜினியாவுக்கு,

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வியாகுலம் கீழே வருகிறான். அவனிடம் நீல உல்லன் நூல் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சந்தையில் வேறு நிறம் ரோஸ்தான் இருந்தது. கூட இரண்டு சணல் துண்டு இருக்கும். நீளமானது மார்பு, குட்டையானது கை. வியாகுலம்தான் பிடித்து வெட்டினான். "நல்லா மூச்ச இழுத்து நில்லுடா, பொண்டாட்டி அளக்கப் போறா" என்று கேலி. நான் இழுக்கவில்லை. உள்ள அளவுதான்.

வசதி என்று நான் எழுதியது மில் சத்தத்தை. உன்னை இல்லை.

மரியப்பன்

*

செக்காலை
16-10-1966

மச்சான் அவர்களுக்கு,

ஸ்வெட்டர் முடிந்துவிட்டது. பார்சலில் போட்டிருக்கிறேன்.

இந்த வெயிலில் மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உள்ளங்கை வியர்த்து நூல் ஊசியிலேயே ஒட்டிக்கொள்ளும். பவுடர் போட்டுக்கொண்டு பின்னினேன். நூற்பு நிலையத்தில் சாப்பாட்டு நேரத்திலும் பின்னினேன். அக்கம்மாள் நூலைத் தொட்டுப் பார்த்து, "ஆத்தாடி, இதப் போட்டா மனுசன் வெந்துருவாகளே" என்றாள். வேகட்டும் என்று சொன்னேன்.

உங்கள் சணலை என் மேல் சுற்றிப் பார்த்தேன், நிறைய மிச்சம் விழுந்தது. பிறகு இரண்டு தலையணையைச் சேர்த்து அதைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் வைத்து வைத்துப் பார்த்துப் பின்னினேன். ஒருநாள் தலையணையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தபோது அத்தை உள்ளே வந்துவிட்டார்கள். அப்படியே திரும்பிப் போனார்கள். அன்று எனக்கு இரண்டு தோசை கூடுதலாக வைத்தார்கள்.

போட்டுப் பார்த்து உடனே எழுதுங்கள். சரியில்லை என்றாலும் எழுதுங்கள்.

யூஜினியா

*

கோத்தகிரி
20-11-1966

யூஜினியாவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. நன்றாக இருக்கிறது. அளவு சரி.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. நான் பக்கத்து எஸ்டேட்டுக்கு மாறிவிட்டேன். அதே இலை வேலைதான். இங்கே கல்யாணமானவர்களுக்கு, வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒன்று தருகிறார்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் ஒரு வருடத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். வீடு கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லலாம்.

மரியப்பன்

*

செக்காலை
29-12-1966

மச்சான் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் முடிந்தது. நீங்கள் வரவில்லை, வியாகுலம் அண்ணன் வந்தார். அத்தை அவருக்கு இலை போட்டுச் சோறு வைத்தார்கள். "எம்மவன் எப்பிடி இருக்கான்?" என்று கேட்க, அவர் வெள்ளை மனதாக, "இப்ப எங்கூட இல்ல அம்மா, பக்கத்துத் தோட்டத்துக்குல்ல மாறிட்டான்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வருடக் கணக்குக்காக அத்தை மாதம் பிறந்தால் அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு வந்தார்கள். எழுந்து போய் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதையாவது தாங்கிக்கொண்டேன். வியாகுலம் அண்ணனிடம் ஸ்வெட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "அவன் அதப் போட்டு நான் பாத்ததே இல்ல தங்கச்சி. பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்கான்" என்றார்.

நன்றாக இருக்கிறது, அளவு சரி என்று எழுதினீர்களே. எதற்காக அந்தப் பொய்? பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால் பிரித்து வேறு பின்னியிருப்பேன். நூலைப் பிரித்துப் பின்னலாம். பிடிக்காதது நூலா, நானா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

யூஜினியா

*

கோத்தகிரி
12-1-1967

யூஜினியாவுக்கு,

உன் கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

அளவு சரிதான், அது பொய்யில்லை. ஆனால் பொத்தான் முதுகில் இருக்கிறது. கழுத்திலிருந்து இடுப்பு வரை வரிசையாக, எல்லாம் முதுகில். எனக்குக் கை எட்டவில்லை. சுவரில் சாய்ந்து பார்த்தேன், படுத்துக்கொண்டு பார்த்தேன். திருப்பிப் போட்டால் கழுத்து மேலே ஏறி மூச்சு முட்டுகிறது. நீ மடத்தில் படித்தவள், இது ஏதோ புதுப் பாணியாக இருக்கும், கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைப்பாய் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு மாட்டிவிடச் சொல்லலாம். மாட்டிவிடுவான். ஆனால் ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையிடம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, என் பெண்டாட்டி பின்னியது, கொஞ்சம் பொத்தான் போடு என்று எப்படிக் கேட்பது? ஒருநாள் பொத்தான் போடாமலே மாட்டிக்கொண்டு மேலே போர்வையைப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போனேன். முன்னால் நீ, பின்னால் கோத்தகிரி.

லைன் வீடு கிடைத்துவிட்டது. ஒரு அறை, ஒரு அடுப்படி. அதில் நான் மட்டும் இருக்கிறேன். அம்மா கரிக்கோடுகளை அழித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிரிக்காதே. அதை நான் திருப்பி அனுப்ப மாட்டேன்.

மரியப்பன்

*

செக்காலை
6-2-1967

மச்சான்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அழுதேன். அனாதைப் பிள்ளைகளுக்கு என்று மடத்தில் எங்களைப் பின்னச் சொல்வார்கள். கைக்குழந்தைச் சட்டை, தொப்பி, காலுறை, இவ்வளவுதான் நான் கற்றது. கைக்குழந்தை தானாகப் பொத்தான் போட்டுக்கொள்ளாது, தூக்குகிறவர்கள்தான் போட்டுவிடுவார்கள். அதனால் பொத்தான் முதுகில். அந்தக் கணக்கையே பெருக்கிப் பெருக்கி உங்கள் சணலுக்குக் கொண்டு வந்துவிட்டேன். பெரிய ஆள் போடும் ஸ்வெட்டரை நான் கண்ணால் பார்த்ததில்லை. காரைக்குடியில் யார் போடுகிறார்கள்?

நான் சிரித்ததைப் பார்த்து அத்தை என்னவென்று கேட்டார்கள். மறைக்காமல் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. "முதுகுல மாட்டிவிட ஆளில்லாம அங்க நிக்கிறானா எம்மவன்?" என்றார்கள். அதன் பிறகு அன்று முழுக்க என்னோடு பேசவே இல்லை. எரிச்சலாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலைப் பூசை முடிந்து வரும் வழியில், நடந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "வருசமும் வேணாம் மாசமும் வேணாம். நீ போ" என்றார்கள். "நீங்க தனியா இருப்பீகளே அத்தை" என்றேன். "எனக்கென்ன, ஒக்கூர்ல மக வீடு இருக்கு. நான் பாத்துக்கிருவேன். எனக்குப் பொத்தான் முன்னாலதான் இருக்கு" என்றார்கள். அப்படியே கையைப் பிடித்துக்கொண்டேன். உதறிவிட்டு வேகமாக நடந்துவிட்டார்கள்.

நூற்பு நிலையத்தில் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் என் அண்ணன் கொண்டுவந்து விடுகிறார். மச்சான், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

யூஜினியா

*

லைன் வீடு
20-6-1967

மச்சான்,

இதைக் கஞ்சிச் சட்டி மூடியின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். பறக்காமல் இருக்க மேலே டம்ளர் வைத்திருக்கிறேன்.

இலை பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் எனக்கு வேலை கிடைத்ததும் நீங்கள் தலையை ஆட்டினீர்கள். சரி என்று எடுத்துக்கொண்டேன். நான் காலையில் கிளம்பும்போது நீங்கள் வந்து தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நான் வரும்போது நீங்கள் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்கள். வாசலில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது ஸ்வெட்டருக்குப் பொத்தான் போட்டுவிடுகிறேன். திரும்பி நிற்கிறீர்கள், முடிந்ததும் முன்னால் நடக்கிறீர்கள்.

பாக்டரி வேலை அப்படித்தான், ராத்திரிதான் இலை வாடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நேற்று மேஸ்திரி வீட்டுக் கருப்பி வந்திருந்தாள், அவளும் நம் சிவகங்கைப் பக்கம்தான். "ராத்திரி வேல எல்லாருக்கும் முற வச்சுத்தான் வரும். ஒங்க வீட்டுக்காரருதான் மத்தவுக முறையையும் தானாக் கேட்டு வாங்கிக்கிறாக. புதுப் பொண்டாட்டி வந்தா ராத்திரி வேலையத் தள்ளிவிடுவாக, இவுக என்ன இப்பிடி இருக்காக?" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

காரைக்குடியில் நான் தனியாக இருந்தேன் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. மலை இருந்தது, ரயில் இருந்தது, அத்தையின் கரிக்கோடு இருந்தது. இங்கே நீங்கள் எழுந்த பாயின் சூடு ஆறுவதற்குள் நான் அதில் படுக்கிறேன். இங்கே என்ன காரணம்?

நான் இங்கே வந்தது தப்பு என்று தோன்றினால் சொல்லிவிடுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், உங்களுக்கு வராது. எழுதி வையுங்கள். இன்று பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றும்போதும் இதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

யூஜினியா

*

அதே வீடு
21-6-1967

யூஜினியா,

கஞ்சி குடித்தேன். உப்பு இல்லை. நீ எப்போதும் சரியாகப் போடுகிறவள், நேற்று மறந்துவிட்டாய். அதைப் பார்த்ததும்தான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

கருப்பி சொன்னது உண்மை. நானாகத்தான் கேட்டு வாங்கினேன்.

நீ வந்த அன்று உன்னிடம் சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். உன்னையும் உன் அண்ணனையும் கூப்பிட வந்த பஸ்ஸில் கூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து நீ என் எதிரில் உட்கார்ந்தாய். "சாப்பிடுறீகளா" என்றாய். நான் "ம்" என்றேன். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றுமே வரவில்லை. கடிதம் எழுதும்போது ஒரு வரிக்கு ஒரு நாள் யோசிப்பேன். உன் எதிரில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாள் யோசிக்க முடியுமா? கடிதத்தில் இருந்தவனை நம்பி நீ இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கிறாய். இங்கே இருப்பவன் வெறும் ஊமை என்று தெரிந்தால் உனக்கு மனசு விட்டுப்போகுமே என்று பயந்தேன். தூங்குகிறவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் ராத்திரி வேலை.

ஆனால் நான் தூங்குவதில்லை. நீ கிளம்பும்வரை கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். நீ அடுப்பை ஊதுவது, தலை சீவும்போது வாய்க்குள் ஜெபம் சொல்வது, என்னை எழுப்பிவிடாமல் கதவைச் சாத்த நீ படும் பாடு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறேன். நீ போன பிறகுதான் தூக்கம் வரும்.

இன்று காலையில் மேஸ்திரியிடம் பகல் வேலை கேட்டேன். மாடியில் பகலுக்கு ஆள் நிறைந்துவிட்டதாம். பாக்டரி உலைக்கு விறகு சுமக்கிற வேலைதான் இருக்கிறது. "நல்ல வேலைய விட்டுட்டு விறகு தூக்கப் போறேங்கிற, என்னப்பா வந்துச்சு ஒனக்கு?" என்றார். தூக்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இப்போது எழுதாதே. இன்னொரு வேலை மாறிவிட்டான் என்று தெரிந்தால் ஒக்கூரிலிருந்து நேராக இங்கே வந்து நிற்பாள்.

நாளை மறுநாளிலிருந்து சாயந்திரம் இருவரும் வீட்டில் இருப்போம். இதை எழுதும்போதே எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. நீ எதிரில் உட்கார வேண்டாம், பக்கத்தில் உட்கார். என்னை ஒன்றும் கேட்காதே. எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். எழுந்து போய்விடாதே.

மரியப்பன்